தொடை வீக்கம்: ஒருவர் 'ரத்தக்கட்டு இல்லை' என்கிறார், இன்னொருவர் 'ரத்தக்கட்டுதான்' என்கிறார்

கண்மாய்க்கரை | செவ்வாய், இரவு 9:50

வணக்கம். அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுவிட்டால் சரியான பதில் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. விருதுநகர் பக்கம் சின்ன ஊர். 40 வருடம் ரவிக்கை தைத்தவர். சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு அம்லோடிபின் 5 மட்டும் போடுகிறார். போன வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை விடியற்காலை, வாசல் தெளிக்க வாளியோடு போனவர் படியில் வழுக்கி இடது பக்கமாக விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பார்த்ததுமே எலும்பு போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேல்முனை, ட்ரோகாண்டர் என்கிற இடத்தில் உடைந்திருந்தது. அதில் ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரிந்து உள்பக்கம் மேலே ஏறி நிற்கிறது என்று காட்டினார்கள். புதன்கிழமை ஆபரேஷன். எலும்புக்குள் நெயில் விட்டு ஸ்க்ரூ போட்டார்கள், பி.எஃப்.என். என்கிறார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். காலில் ரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸபாரின் 40 மி.கி. ஊசி, தினமும் ராத்திரி வயிற்றில், மொத்தம் 28 நாள். நானே போடக் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் இடது தொடை கனமாக இருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்த கால் கொஞ்சம் வீங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமை நைட்டியை மாற்றும்போது பார்த்தால், தொடை பளபளவென்று இழுத்துக் கட்டியது போல இருந்தது. வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அம்மாவின் மஞ்சள் இஞ்சு டேப்பை எடுத்தேன். முதல் தடவை நான் இறுக்கிப் பிடித்துவிட்டேன். "இழுக்காதே, துணி அளக்கிற மாதிரி படிய விடு" என்று படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார். தினமும் ஒரே இடத்தில் அளக்க வேண்டுமே என்று முழங்கால் சிப்பிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, பால்பாயின்ட் பேனாவால் இரண்டு தொடையிலும் கோடு போட்டு வைத்தேன்.

வலது தொடை எப்போதும் 45 செ.மீ.தான். இடது தொடை வியாழன் 50, சனி 52, நேற்று 54, இன்று 55.

சனிக்கிழமையே திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 7.4. ஆபரேஷனுக்கு முன் 11.6 இருந்தது. ஆபரேஷன் முடிந்து 8.8 ஆகி, ஒரு யூனிட் ரத்தம் ஏற்றி, டிஸ்சார்ஜ் அன்று 9.7. அங்கிருந்து 7.4க்கு இறங்கியிருக்கிறது. காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர், "ரத்தக்கட்டு எதுவும் இல்லைம்மா, நிம்மதியாப் போங்க" என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்த டியூட்டி டாக்டரோ, "வெறும் ரத்தக்கட்டுதான், தானா கரைஞ்சிடும்" என்றார். ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் அதுதான் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்து, நன்றாக ஓடுகிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். இன்னொரு யூனிட் ரத்தம் ஏற்றி, ஞாயிறு 8.3 வந்ததும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் சர்ஜன் அன்று ஊரில் இல்லை.

இன்று காலை உள்ளூர் லேபில் பார்த்தேன். 7.1.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது முக்கியமா இல்லையா என்று தெரியவில்லை. ஞாயிறு ராத்திரியிலிருந்து அம்மா, "தொடைக்குள்ள தையல் மிஷின் ஓடுற மாதிரி இருக்குடி" என்கிறார். பெடலை மெதுவாக மிதித்தால் ஒரு அதிர்வு வருமே, அப்படியாம். நான் கை வைத்துப் பார்த்தேன். உள்பக்கம், இடுப்பு மடிப்புக்குக் கீழே நாலு விரல் தள்ளி, லேசாகத் துடிக்கிற மாதிரிதான் இருந்தது. என் கை நடுக்கமோ என்னவோ.

நாளை தையல் பிரிக்கப் போக வேண்டும். அதுவரை காத்திருக்கலாமா? டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே, நீ சும்மா பதறுகிறாய் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

---

பழனிப்பாதை | செவ்வாய், இரவு 10:15

தங்கச்சி, பயப்படாதீர்கள். இந்த வயதில் ஆபரேஷன் செய்தால் நீர் கோத்துக்கொள்வது சகஜம்தான். எங்கள் அத்தைக்கும் இப்படி வீங்கியது. முறிவெண்ணெயைச் சூடு செய்து, மேலிருந்து கீழாக நீவிவிட்டோம். ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. காலையும் மாலையும் செய்து பாருங்கள்.

---

வார்டு சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:32

தங்கை, முதலில் ஒன்று. அந்தத் தொடையில் யாரும் கை வைத்துத் தேய்க்க வேண்டாம். எண்ணெய், தைலம், ஒத்தடம், நீவிவிடுவது எதுவுமே வேண்டாம். பழனிப்பாதை அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவர் அத்தைக்குச் சரியாகியும் இருக்கலாம். ஆனால் இது அது இல்லை. சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகிற குழாயில், உறைவு இருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் கசிவு கூடும். எப்படிப் பார்த்தாலும் கெடுதல்தான்.

நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் வேலை பார்த்தவள். அதில் 12 வருடம் எலும்பு வார்டு. டாக்டர் இல்லை, அதனால் இது இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைக் குழப்புவது எது என்று தெரிகிறது.

நம் ஊரில் மூன்று விஷயத்துக்கு ஒரே பெயர், ரத்தக்கட்டு. இடித்துக்கொண்டால் தோல் கன்றி நீலமாவதும் ரத்தக்கட்டு. தசைக்குள் ரத்தம் கசிந்து தேங்கி நிற்பதும் ரத்தக்கட்டு. சிரைக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் ரத்தக்கட்டு. ஸ்கேன் எடுத்தவர் 'இல்லை' என்றது மூன்றாவதை. டியூட்டி டாக்டர் 'அதுதான்' என்றது இரண்டாவதை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டிலும் இல்லை. தேங்கி நிற்கிற ரத்தம் எங்கிருந்து வருகிறது? நின்றுவிட்டதா, இன்னும் வருகிறதா?

இந்த ஆபரேஷனில் வெளியே சிந்தும் ரத்தத்தைவிடத் தொடைக்குள்ளேயே போகிற ரத்தம் அதிகம். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தத்தை ஒரு தொடை வாங்கிக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் ஹீமோகுளோபின் இறங்குவதைப் பார்த்து நாங்கள் பதற மாட்டோம். ஆனால் பத்து நாள் கழித்து, ரத்தம் ஏற்றிய பிறகும் இரண்டே நாளில் 8.3 போய் 7.1 ஆகிறது, தொடை தினமும் ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது என்றால், அது கரைந்துகொண்டிருக்கிற ரத்தக்கட்டு இல்லை.

காலையில் தையல் பிரிக்கிற வரிசையில் உட்காராதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். ராத்திரியே அம்மாவுக்குத் தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, உதடு வெளுப்பு, திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, பாதம் சில்லிட்டு மரத்துப்போவது என எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், விடியும் வரை பார்க்க வேண்டாம்.

இன்றைய ஊசியைப் போட்டுவிட்டீர்களா?

---

கண்மாய்க்கரை | செவ்வாய், இரவு 10:41

இன்னும் இல்லை அக்கா. பதினொரு மணிக்குப் போடுவேன். கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

---

வார்டு சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:46

நானோ நீங்களோ இதை முடிவு செய்யக் கூடாது. அந்த ஊசி உறைவைத் தடுப்பதற்கு. இடுப்பு எலும்பு உடைந்தவர்களுக்கு அது உயிர் காக்கிற ஊசி, சும்மா நிறுத்தக் கூடாது. ஆனால் உள்ளே கசிகிறது என்றால் அதே ஊசி கசிவை நிற்கவிடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்ஜனின் போன் நம்பர் இருக்கும், இப்போதே கூப்பிடுங்கள். "ஹீமோகுளோபின் 7.1, தொடை 10 சென்டிமீட்டர் வித்தியாசம், துடிக்கிறது, ஊசி போடவா வேண்டாமா" என்று இந்த நாலு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். தூக்கத்தில் எழுப்புகிறோமே என்று தயங்க வேண்டாம்.

---

நெல்லைச்சீமை | செவ்வாய், இரவு 11:20

சகோதரி, நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. 'தையல் மிஷின் ஓடுற மாதிரி' என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா சொன்னது, "தொடைக்குள்ள பம்புசெட் ஓடுதுடா".

நாலு வருடத்துக்கு முன், அப்பாவுக்கு 78 வயது. அதே ட்ரோகாண்டர் முறிவு. அவருக்கு நெயில் இல்லை, பக்கவாட்டில் பிளேட்டும் ஸ்க்ரூவும். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார். ஐந்தாவது வாரத்தில் தொடையின் உள்பக்கம் தேங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. லேசாகக் காய்ச்சலும் இருந்ததால் சீழ் கட்டியிருக்கிறது என்று நினைத்து, ஊசி விட்டு உறிஞ்சிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கீறிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். தட்டில் கத்தியெல்லாம் வைத்தாகிவிட்டது. அப்போது வயதில் மூத்த ஒரு சர்ஜன் வந்து, அந்தப் புடைப்பின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அரை நிமிடம் கேட்டார். பிறகு, "யாரும் இதைத் தொடாதீங்க" என்றார். அன்று அவர் அதைக் கேட்காமல் கீறியிருந்தால் அப்பா டேபிளிலேயே போயிருப்பார்.

அதன் பெயர் சூடோ அனியூரிசம், போலி ரத்தநாளப் புடைப்பு. தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருகிற குழாயில், ஒரு பொத்தல் விழுந்துவிடுகிறது. அழுத்தத்தோடு வெளியே பீய்ச்சுகிற ரத்தம் சுற்றியுள்ள தசையை ஒதுக்கித் தனக்கு ஒரு பை செய்துகொள்கிறது. அந்தப் பைக்கு ரத்தநாளத்தின் சுவர் கிடையாது, அதனால்தான் போலி. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ரத்தம் பைக்குள் போய் வருவதால்தான் அந்த அதிர்வு.

ஏன் வருகிறது என்று எங்களுக்கு விளக்கிய டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். தொடைக்கு ரத்தம் கொடுக்கிற ஆழ் தொடைத் தமனி, புரொஃபண்டா என்பார்கள், எலும்பின் உள்பக்கத்தை ஒட்டியே இறங்குகிறது. அதன் கிளைகள் இன்னும் நெருக்கமாக எலும்பைத் தழுவிக்கொண்டு பின்பக்கம் போகின்றன. நெயிலோ பிளேட்டோ, ஸ்க்ரூவுக்கு வெளிப்பக்கமிருந்துதான் துளை போடுகிறார்கள். டிரில் எலும்பைத் தாண்டி உள்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் அங்கே தமனி இருக்கிறது. ஆபரேஷன் டேபிளில் காலை இழுத்து உள்பக்கம் திருப்பிக் கட்டுவதால் தமனி எலும்புக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு ஒரு ஸ்க்ரூவின் நுனி சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்து, நடக்க நடக்க உரசியிருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, ஒரு துண்டு பிரிந்து உள்பக்கம் மேலே ஏறி நிற்கிறது என்று. அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் துண்டின் முனை கூர்மையாக இருந்தால் அதுவே தமனியைக் குத்தும். அதற்கு யாருடைய கையும் தவற வேண்டியதில்லை.

பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பாதத்துக்குப் போகிற தமனி வேறு வழி. ஆழ் தொடைத் தமனியின் கிளை கசிந்தாலும் பாதத்தில் நாடி ஜோராக அடிக்கும். எங்களையும் அதுதான் ஏமாற்றியது.

சனிக்கிழமை எடுத்தது சிரை டாப்ளராகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டை எடுத்துத் தலைப்பைப் பாருங்கள். சிரை என்று போட்டிருந்தால் தமனியைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்காது. நாளைக்கு நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "தமனியைப் பார்த்தாயிற்றா? சி.டி. ஆஞ்சியோ எடுக்கலாமா?" அது தமனியைப் படம் பிடித்துக் காட்டுகிற ஸ்கேன். அதற்கு மருந்து ஏற்றுவார்கள் என்பதால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். உள்ளே இரும்பு இருப்பதால் படம் கொஞ்சம் கலங்கும், ஆனாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எங்களுக்குப் பை பெரிதாகிவிட்டதால் திறந்துதான் தமனியைக் கட்டினார்கள். நாலு யூனிட் ரத்தம், மூன்று வாரம் படுக்கை. சீக்கிரம் கண்டுபிடித்தால் திறக்காமலே அடைக்கலாம் என்று அப்போதே சொன்னார்கள். அதனால்தான் இந்த ராத்திரியில் இவ்வளவு எழுதுகிறேன்.

---

கண்மாய்க்கரை | செவ்வாய், இரவு 11:48

சர்ஜன் போனை எடுத்துவிட்டார். இன்றைக்கு ஊசி வேண்டாம், காலை ஏழு மணிக்கு நேராக வாருங்கள் என்றார். ரிப்போர்ட்டை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். தலைப்பில் சிரை டாப்ளர் என்றுதான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கடைசி வரி: இடது தொடையின் உள்பக்கத் தசைக்குள் 9 x 6 செ.மீ. அளவில் ரத்தத் தேக்கம். இந்த வரியை யாருமே எங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை.

அம்மா தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

பழனிப்பாதை | புதன், காலை 6:10

சிஸ்டர் சொன்னதைப் படித்தேன். நான் எழுதியதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். எங்கள் அத்தைக்கு வீங்கியது கணுக்கால், அதையும் தொடையையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். அம்மாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

---

கண்மாய்க்கரை | புதன், இரவு 9:30

மதுரையில் இருக்கிறோம். சி.டி. ஆஞ்சியோ எடுத்தாயிற்று. நெல்லைச்சீமை அண்ணன் சொன்ன அதேதான். ஆழ் தொடைத் தமனியின் ஒரு கிளையில் பொத்தல், 3.8 x 2.6 செ.மீ. பை, பக்கத்திலேயே அந்த எலும்புத் துண்டின் முனை. நாளைக் காலை அடைக்கப் போகிறார்கள். விவரம் பிறகு எழுதுகிறேன்.

---

கண்மாய்க்கரை | ஞாயிறு, மாலை 5:15

அம்மா நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன் காலை சர்ஜன் தொடையைப் பார்த்தார், கை வைத்தார், பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்கும் 'சர்... சர்...' என்று, குழாய் வாயில் விரலை வைத்து அடைத்தால் வருமே, அந்தச் சத்தம். தையல் பிரிக்கிற பேச்சே இல்லை. அவரே மதுரைக்குப் போன் போட்டுச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஒரு யூனிட் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்பினார். கிரியாட்டினின் 0.9 இருந்ததால் போனதும் சி.டி.க்கு எடுத்துக்கொண்டார்கள்.

வியாழன் காலை அடைத்தார்கள். மயக்க மருந்து இல்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசி மட்டும். அடிபடாத வலது பக்கத் தொடை இடுக்கு வழியாகத் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, வயிற்றுக்குள் மேலே ஏற்றி, இடது பக்கம் இறக்கி, அந்தக் கிளை வரை கொண்டுபோய், பொத்தலுக்கு முன்னும் பின்னும் பிளாட்டினம் சுருள்களை வைத்தார்கள். சுருளைச் சுற்றி ரத்தம் உறைந்து அந்தக் கிளை அடைபட்டுவிடும். தொடைக்கு வேறு கிளைகள் இருப்பதால் இந்த ஒன்று போனால் பாதகமில்லை என்றார்கள். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அம்மா விழித்துக்கொண்டேதான் இருந்தார். சுருள் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்க, அந்த டாக்டர் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, உள்ளே போனதும் தானாகச் சுருண்டுகொள்ளும் என்றாராம். "பாபின்ல நூல் சுத்துற மாதிரியா" என்று அம்மா கேட்டிருக்கிறார். ஆமாம், அப்படியேதான் என்றாராம். அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மிஷின் நின்னுடுச்சுடி."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். இத்தனை நாள் அழவே இல்லை.

பிறகு ஆறு மணி நேரம் வலது காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய பாடு. ஊசியை நிறுத்தியிருந்ததால் உறைவு வராமல் இருக்க, கால் இரண்டுக்கும் காற்றுப் பை உறை மாட்டினார்கள், அது மாறி மாறி இறுக்கிப் பிடித்து விடுகிறது. இரண்டு நாள் ஹீமோகுளோபின் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு, நேற்று ராத்திரியிலிருந்து அதே 40 மி.கி. ஊசியை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கியது. கேட்டேன். கசிந்த இடம் அடைபட்டுவிட்டது, இனி சிரையில் உறைந்து நுரையீரலுக்குப் போகிற ஆபத்துதான் பெரிது என்று பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்கள்.

ஹீமோகுளோபின் வெள்ளி 9.1, இன்று 9.2. தேங்கின ரத்தத்தை எடுக்கவில்லை, அது மெதுவாகக் கரையும் என்றார்கள். இந்தத் தடவை அந்த வார்த்தையை நம்ப முடிந்தது, ஏனென்றால் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். தொடையின் பின்பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக முழங்கால் வரை இறங்கியிருக்கிறது.

அந்த டியூட்டி டாக்டர் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்தபோதே அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்திருந்தால், சனிக்கிழமையே இது முடிந்திருக்கும், அம்மாவுக்கு நாலு நாள் மிச்சம். ஆனால் எங்கள் சர்ஜன் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போனை எடுத்ததையும், "நான் ஊரில் இருந்திருக்க வேண்டும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதையும் நான் மறக்க மாட்டேன். அந்தத் துண்டு தமனியைக் குத்துவதை யாராலும் முன்கூட்டித் தடுத்திருக்க முடியாது என்று மதுரையிலும் சொன்னார்கள்.

---

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, மாலை 6:02

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தங்கை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்கு வந்ததும் இரண்டு. ஊசி 28 நாள் கணக்கில் நடுவில் விட்ட நாட்களை எப்படிச் சரி செய்வது என்று டிஸ்சார்ஜ் அன்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு யார் யாரோ ஒவ்வொன்று சொல்வார்கள். அப்புறம், படுத்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவையாவது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லுங்கள், இரண்டு காலையும். கெண்டைக்காலில் தனியாக வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு தடவை ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதற்காக உறைவு பிறகு வராது என்று இல்லை.

பெடல் மிதித்த கால் அல்லவா, பாதம் ஆட்டச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

---

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 8:40

சந்தோஷம் சகோதரி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 82 வயதில் இன்னும் தோட்டத்துக்குப் போய் வருகிறார். "அந்தப் பொண்ணு டேப் வச்சு அளந்தது பெரிய காரியம்னு எழுது" என்றார். எங்களுக்கு அப்படி ஒரு கணக்கு கையில் இருந்திருந்தால் ஐந்து வாரம் போயிருக்காது.

---

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 9:15

அப்பாவுக்கு என் நமஸ்காரம். டேப்பை ஆஸ்பத்திரிக்கும் எடுத்து வந்திருந்தேன், கட்டில் கம்பியில்தான் தொங்குகிறது. கழுவித் துடைத்ததில் பேனாக் கோடு அழிந்துபோனது, அங்கிருந்த நர்ஸ் தங்கச்சியே மார்க்கரால் திரும்பப் போட்டுக் கொடுத்தார். வியாழன் காலை 56 வரை போயிருந்தது. இன்று மாலை அளந்தபோது அம்மாவே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். 52 அரை.